பெரிய மாமாவின் நங்கூரக் கயிறு

செய்தி தண்ணீர் மேல் வந்தது. படகுத்துறையில் நானும் வசந்தா அக்காவும் நின்றிருந்தோம். உப்பங்கழியின் நடுவில் தன் படகை நிறுத்திய காதர் பாய், இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததில் முதலில் சொன்னது காதில் விழவில்லை. பின்னால் சொன்னதுதான் கேட்டது.

"பாப்பா நல்லாருக்கு! பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல!"

யாரும் கேட்பதற்கு முன்பே குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் கத்தினால், குழந்தை ஏறிப்போன படகில் கூட இருந்தவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் பொருள். எனக்கு அது உடனே புரியவில்லை. வசந்தா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

படகில் இருந்தவர் அவர் கணவர், என் கணவர் ரவியின் அண்ணன், குணசேகரன். எனக்குப் பெரிய மாமா. நான்கு வயதாகும் என் மகள் யாழினிக்குப் பெரியப்பா. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுவதாக ஏற்பாடு. "அண்ணனைப் பத்தி நீயே எழுதிடு. நாங்க எழுதினா அழுகாச்சியா போயிடும்" என்றார் ரவி. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து யாழினி ஓடுவதில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் சதா பறந்துகொண்டிருந்தவள், இப்போது நான்கு எட்டு வைத்ததும் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "பெரியப்பா ஆடாம இருக்கச் சொல்றாங்க" என்கிறாள். இந்தக் கட்டுரை பெரிய மாமாவின் நினைவுக்காக. என் மகள் மறுபடி ஓட வேண்டும் என்பதற்காகவும்தான்.

பெரிய மாமா இருபது வயதைத் தாண்டியதும் வளைகுடாவுக்குப் போனவர். அங்கே ஒரு துறைமுகத்தில், வெளியே நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகும் லாஞ்சில் வேலை. கயிறு பிடிப்பவராகச் சேர்ந்து, பிறகு லாஞ்சை ஓட்டுபவராகவே ஆனார். விடுமுறையில் ஊருக்கு வந்தால் நடவு வயலில் இறங்கி நிற்பார். சேற்றில் காலை வைத்து அழுத்திப் பார்த்து, "இதுல நங்கூரம் நல்லா புடிக்கும்" என்பார். நடவு நடும் பெண்கள், "ஆமா, இங்கதான் கப்பல் வரப்போவுது, புடிச்சு நிறுத்துங்க" என்று சிரிப்பார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் சொன்ன ஒன்று இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் இருந்தோம். நான்தான், "கடல்ல பயமா இருக்காதா மாமா?" என்று கேட்டு வைத்தேன்.

"கடலுக்கென்னம்மா பயம். சில நாளு விடியறப்ப வெள்ளையா மூடிக்கும். நீட்டின கை தெரியாது. எஞ்சினை நிறுத்திட்டு சும்மா உக்காந்துருப்போம். அப்ப கிட்டத்துல ஏதோ ஒரு கப்பல் நங்கூரம் போடும். கடகடகடன்னு சங்கிலி இறங்குற சத்தம். இறங்கிக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல எவ்வளவு ஆழம்னு எங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டியும் இறங்கும். நிக்கவே நிக்காது. பனி விலகினதும் பாத்தா, சுத்துவட்டாரத்துல ஒரு கப்பல் இருக்காது."

எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. "அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"அப்புறம் என்ன, டீ போடுவோம்."

பயமுறுத்திவிட்டுச் சிரிக்கிறவர் இல்லை அவர். பார்த்ததை, கேட்டதைச் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கமாட்டார். அதனாலேயே அவர் சொன்னவற்றை என்னால் கதை என்று ஒதுக்க முடிந்ததில்லை. நான் இயற்பியல் படித்தவள். பனியில் சத்தம் நெடுந்தூரம் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆழத்தைத் தாண்டி இறங்கிய சங்கிலி மட்டும் அதற்குள் அடங்கவில்லை.

ஊரோடு வந்த பிறகு, நாகப்பட்டினத்தில் ஒரு பழைய ஃபைபர் படகை எஞ்சினோடு வாங்கினார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சம்பா வயல்களுக்கு நடுவே நீலப் படகு ஒன்று உயரத்தில் மிதந்து வந்ததை ஊரே வரப்பில் நின்று பார்த்தது. முத்துப்பேட்டைப் பக்கம், அலையாத்திக் காட்டை ஒட்டிய உப்பங்கழியில் பறவை பார்க்க வருகிறவர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்வது அவருடைய திட்டம். அதற்கு எல்லாம் தயார். ஒன்றில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. நங்கூரத்துக்குச் சங்கிலியா, கயிறா?

வசந்தா அக்கா சங்கிலிக் கட்சி. அதற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய கோடையில் எங்கள் வயல் போர்செட்டில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து எங்கள் பக்கத்தில் எல்லோரும் மோட்டாரைச் சங்கிலியால் சுற்றி, பூட்டுப் போட்டு, சாவியை வீட்டில் சாமி படத்துப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவோம். வெட்டவெளியில் நிற்கிற எதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஊறிவிட்டது.

"கயித்தைக் கட்டி வச்சீங்கன்னா எவனாவது அரிவாளால ஒரு இழுப்பு இழுத்துட்டுப் படகை ஓட்டிக்கிட்டுப் போயிடுவான். சங்கிலி போடுங்க. பூட்டு போடுங்க" என்றார் அக்கா.

"ஏ வசந்தா, மோட்டாரு நின்ன எடத்துல நிக்கணும். படகு போகணும், வரணும்."

"போங்க, வாங்க. பூட்டிட்டு வாங்க."

பெரிய மாமாவோடு இருந்த பழக்கத்தில் வந்திருந்த காதர் பாய் உப்பங்கழியில் பிறந்து வளர்ந்த மீன்காரர். அவரும் விடவில்லை. "அண்ணி, அந்தச் சேத்துல சங்கிலி கிடந்தா பூட்டு துருப்புடிச்சிரும். அப்புறம் சாவிய வச்சு அண்ணன் காது குடையலாம்."

ரவிக்குக் கனமாக இருப்பது எல்லாம் நல்லது. அவரும் சங்கிலி என்றார். பெரிய மாமா பொறுமையாகத்தான் சொன்னார். "சங்கிலி கெட்டிதான், இல்லைங்கல. கனத்துக்கு அடியில படுத்துக் கிடந்து நங்கூரத்தை அமுக்கிப் புடிச்சுக்கும். பாறையில உரசினாலும் அறுபடாது. ஆனா அதுக்கு இழுபடத் தெரியாது. வெடுக்குனு நிக்கும். கயிறு விட்டுக்குடுக்கும், படகோட சேந்து ஏறும் இறங்கும். நங்கூரத்தை ஒட்டி நாலு முழம் சங்கிலி, மிச்சம் பூரா கயிறு. நம்ம சேத்துக்கு அது போதும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. புடிக்கிறது முக்கியம்தான். விடவேண்டிய நேரத்துல விடவும் வரணும்."

"எல்லாத்தையும் விட்டுட்டு வர்றதுக்கா வாங்குனீங்க?" என்றார் அக்கா. வழக்கு முடிந்தது. முழுக்கச் சங்கிலி. படகின் முகப்பு வளையத்தில் ஒரு பித்தளைப் பூட்டு. சாவி சாமி படத்துப் பக்கத்தில்.

அடுத்த வருடம் கார்த்திகையில் விடாத மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. யாழினிக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. பெரிய மாமா, அக்கா, ரவி, மடியில் குழந்தையோடு நான் என்று எல்லோரும் புளிசாதம் கட்டிக்கொண்டு படகில் போனோம். அலையாத்தி மரங்களை ஒட்டி நங்கூரம் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

முதலில் பறவைகள் நின்றன. பறந்து போகவில்லை, சத்தம்தான் நின்றது. காற்றில்லை, அலையில்லை. தண்ணீர் தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அப்போது சங்கிலி முனகியது. தொய்ந்து கிடந்த சங்கிலி, கண்ணி கண்ணியாக விறைத்துக்கொண்டு நேராகியது. யாரோ அடியில் இருந்து அவசரமில்லாமல் சுருட்டுவதுபோல.

"மாமா, யாரோ இழுக்கிற மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். எங்களுக்குப் பின்னால், முகப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன். ஒரு வயல் வந்துகொண்டிருந்தது. அப்படித்தான் தெரிந்தது. பச்சைப் பசேல் என்று, கரைக்குக் கரை, நுனியில் இரண்டு கொக்குகள் நின்றபடி, துளிச் சத்தமில்லாமல் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. மேலே வடிகால்களில் மழைத்தண்ணீரைத் திறந்துவிட்டதில், வாய்க்கால்களில் மண்டிக்கிடந்த ஆகாயத்தாமரை முழுதும் ஒரே மெத்தையாகப் பெயர்ந்து உப்பங்கழிக்கு இறங்கியிருந்தது. மேலே அசையாத தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலி விறைத்தது அந்த ஓட்டத்தால்தான், யாரும் இழுக்கவில்லை என்று இன்று எழுத முடிகிறது. அன்று அந்தக் கொக்குகள் எங்களைப் பார்த்தபடி நெருங்கியபோது அப்படித் தோன்றவில்லை.

மெத்தை முகப்புக்கு முன்னால் சங்கிலியில் அண்டி, படகின் இரு பக்கமும் தழுவிக்கொண்டது. மேலும் மேலும் வந்து அண்டியது. படகின் முகப்பு இறங்கத் தொடங்கியது. விளிம்பைத் தாண்டி முதல் தண்ணீர் என் காலை நனைத்தது. பெரிய மாமா எஞ்சினைப் போட்டார், இலையும் வேரும் சுற்றி நின்றுபோனது. நங்கூரம் எங்கோ வேரில் மாட்டியிருந்தது.

"பூட்டைத் தொறங்க!" என்று ரவி கத்தினார்.

"சாவி வீட்டுல இருக்கு" என்றார் அக்கா. அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன்.

குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். பெரிய மாமா முகப்புக்குப் போய், சங்கிலி இறங்கும் பெட்டியின் மூடியைத் தூக்கினார். சாப்பாட்டுக்கு இலை நறுக்கக் கொண்டுவந்திருந்த கருக்கரிவாளை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். சங்கிலியை அரிவாளால் அறுக்கிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். மறுகணம் கடகடகடவென்று சங்கிலி மொத்தமும் பாய்ந்து வெளியே ஓடியது. முகப்பு மேலே எழும்பியது. பச்சை வயல் எங்களைக் கடந்து, கொக்குகளோடு, முகத்துவாரம் பக்கம் போயிற்று.

பூட்டு வளையத்திலேயே இருந்தது. அதில் ஒரு முழம் சங்கிலியும் இருந்தது. அதன் நுனியில் அறுந்த கயிறு. பெட்டிக்குள் யாருக்கும் தெரியாத இடத்தில் சங்கிலியைத் துண்டித்து, நடுவே கயிற்றால் பிணைத்து வைத்திருந்தார்.

எஞ்சினில் சுற்றியிருந்த வேரை அறுத்தெடுத்துவிட்டுக் கரைக்கு வந்தோம். கரையில் கால் வைத்ததும் அக்கா ஆரம்பித்தார். "அப்ப ஒரு வருசமா என்னைய ஏமாத்தியிருக்கீங்க."

"உன் பூட்டு பத்திரமா இருக்கு பாரு."

"ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா அதுக்கும் ஒரு பூட்டு போட்டிருப்ப."

அழுதுகொண்டே அடித்தார் அக்கா. அடி வாங்கிக்கொண்டே சிரித்தார் அவர். அதற்குப் பிறகு அவர் விருப்பப்படி நான்கு முழச் சங்கிலியும் நீளமான வெள்ளைக் கயிறும். யாரும் எதிர்க்கவில்லை.

ஒரு மாற்றம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. சங்கிலியில் நின்றபோது படகு கல்லாகக் கிடக்கும். கயிற்றில் நின்றால் மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கும், எதையோ தேடுவதுபோல. காற்றும் எடையும் செய்யும் வேலை அது. "யாரைத் தேடுது?" என்று யாழினி கரையிலிருந்து பார்த்துக் கேட்பாள். "உன்னையத்தான், வேற யாரை" என்பார்.

அந்தக் கார்த்திகைக்குப் பிறகு இரண்டு வருடம் நான் அவளைப் படகில் ஏற்றவில்லை. அவர் ஒரு தடவைகூட வற்புறுத்தியதில்லை. "மனசு வந்தா அனுப்பும்மா. வரலைன்னா அனுப்பாத. பயப்படுற ஆளு கரையில ஒண்ணு இருக்கணும்" என்றார்.

இந்த மாசியில், வலசை வந்த பறவைகள் திரும்பும் நேரம். குழந்தையின் கெஞ்சல் தாளாமல் ஒரு காலையில் சரி என்றேன். நான் மறுபடி உண்டாகியிருப்பதால் ஏறவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. யாழினிக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை நானே மாட்டி, வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். "உன் கண்ணுல படுற தூரத்துலயே சுத்திட்டு வந்துடுறேம்மா" என்றார் பெரிய மாமா. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

படகு சுற்றியது. பறவைகள் எழும்பி உட்கார்ந்தன. திரும்பி வரும்போது நடுவில் எஞ்சின் சத்தம் நின்றது. அவர் மெதுவாக முகப்புக்குப் போனார். நங்கூரத்தை எறியவில்லை. கைக்குக் கை மாற்றி இறக்கினார். கயிற்றை நிறைய விட்டுக் கட்டினார். பிறகு மீதக் கயிற்றோடு யாழினியிடம் வந்து, அவளுக்குப் பின்னால் குனிந்து என்னவோ செய்தார்.

"சட்டையைச் சரிபண்றாங்க போல" என்றார் அக்கா.

பிறகு முகப்புக்கே போய், குழந்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பறவை பார்க்கிறார்கள் என்று நினைத்தோம். படகு மெல்லத் திரும்பி அவர் முகத்தை எங்களிடம் கொண்டுவந்தது. நான் கையாட்டினேன். அக்காவும் முந்தானையை வீசினார். படகு அவர் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போயிற்று. மறுபடி கொண்டுவந்தது. மறுபடி திருப்பியது.

"பாரேன் குசும்பை. நம்மளப் பாத்துட்டே பாக்காத மாதிரி திரும்பிக்கிறாங்க" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படி எத்தனை நேரம் கையாட்டிக்கொண்டு நின்றோமோ.

வலை எடுத்துத் திரும்பிய காதர் பாய்தான் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பெரிய மாமாவின் கை சில்லிட்டிருந்ததாம். யாழினி நடு இருக்கையில், கைகளை மடியில் வைத்து அமைதியாக இருந்தாளாம். நங்கூரக் கயிற்றின் மீதத்தை அவள் சட்டையின் வாருக்குள் கொடுத்து இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். முடிச்சு முதுகுக்குப் பின்னால், குழந்தைக்கு எட்டாத இடத்தில்.

"அண்ணனுக்கு வலி வந்தது தெரிஞ்சிருக்கு தங்கச்சி" என்றார் காதர் பாய். "வத்தத் தண்ணி வேற கடலப் பாத்து இறங்கிக்கிட்டு இருந்துச்சு. நங்கூரம் போடலைன்னா படகு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும். எஞ்சினை ஓட்டிக்கிட்டே சாஞ்சிருந்தா அதைவிட மோசம். முடிச்சப் பாத்தேன். உள்ள இருக்கிற புள்ளைக்கு அவுக்க வராது. வெளிய இருந்து வர்றவன் ஒரு இழுப்பு இழுத்தா போதும். சங்கிலியால புள்ளையக் கட்ட முடியுமா, சொல்லு?"

முதுகைக் காட்டி உட்கார்ந்ததன் காரணத்தை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் முகம் மாறுவதைக் குழந்தை பார்க்கக் கூடாது.

அன்று சாயங்காலம் யாழினியிடம் கேட்டேன். "பெரியப்பா உன்னைக் கட்டினப்ப என்ன சொன்னாங்க?"

"ஆடாம இரு பாப்பான்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் சொன்னாங்க. சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்த வசந்தா அக்கா நிமிர்ந்தார். "வேற என்னடா சொன்னாங்க, தங்கம்?"

"பெரியம்மா கையாட்டுறா பாருன்னாங்க. காதர் மாமா வர்றாரு, இப்பவும் ஆடாதேன்னாங்க."

வலி வந்த சில நிமிடங்களில் உயிர் போயிருக்கும் என்று பார்த்த டாக்டர் சொன்னார். நாங்கள் கையாட்டியபோது பெரிய மாமா உயிரோடு இருந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. காதர் பாய் படகு கண்ணில் படும்போது அவர் இல்லை. அது மட்டும் தெரியும். பயத்தில் குழந்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம். அக்கா அதை ஏற்கவில்லை. "குடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்கிற ஆளு இல்லம்மா அவங்க" என்றார்.

நேற்று மத்தியானம் கூடத்தில் ஒரு பந்தின் பின்னால் நான்கு எட்டு ஓடினாள் யாழினி. என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஐந்தாவது எட்டில் யாரோ கூப்பிட்டதுபோல் நின்றாள். உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் உடம்பு மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்ப ஆரம்பித்தது. கூடத்தில் தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை. பந்து உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

எனக்கு உங்கள்மேல் பயமில்லை, பெரிய மாமா. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். ஆனால் காதர் பாய் அவிழ்த்தது கயிற்றை மட்டும்தான். அவள் கரை ஏறிவிட்டாள் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையோ என்னவோ. நான் சொல்கிறேன். பாப்பா வீட்டில் இருக்கிறாள். கூடத்துத் தரை ஆடவில்லை. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நாங்கள் எவ்வளவு சொன்னாலும் அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்கிறாள்.

"ஓடு பாப்பா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.